கிட்னி நோயாளிக்குக் கொழுப்பு மாத்திரை எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் மருந்துக் கடை மேசைக்குப் பின்னால் நின்று பல வருஷம் ஆகிவிட்டது. அம்பாசமுத்திரம், களக்காடு, முக்கூடல், நாங்குநேரி என்று நாலு பக்கத்திலிருந்தும் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் சீட்டை நீட்டிவிட்டு, டாக்டரிடம் கேட்க விட்டுப்போனதை என்னிடம் கேட்பார்கள். கிட்னி நோயாளிகள் அதிகம் கேட்பது இரண்டு. ஒன்று, என்ன சாப்பிடலாம். இன்னொன்று, “அண்ணாச்சி, இந்தக் கொழுப்பு மாத்திரை எனக்கு எதுக்கு?” பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது இரண்டாவது கேள்விக்கு முழுப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் உங்கள் கிட்னி டாக்டர் சொல்ல வேண்டியவை.

எனக்கு உப்புதானே கூடியிருக்கிறது? கொழுப்புக்கு ஏன் மாத்திரை?

முதலில் இந்த ‘உப்பு’ விவகாரம். நம் பக்கத்தில் உப்பு கூடியிருக்கிறது என்று சொன்னால் அது கிரியேட்டினின், யூரியா. சமையல் உப்பு இல்லை. கிரியேட்டினின் என்பது தசையில் உண்டாகும் கழிவு. கிட்னி தளர்ந்தால் அது ரத்தத்தில் தங்கும். அதையும் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்துப் கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று போடும் கணக்குதான் ஜி.எஃப்.ஆர். மூன்று மாதத்துக்கு மேல் அது 60-க்குக் கீழே நின்றாலோ, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஒழுகிக்கொண்டிருந்தாலோ நாள்பட்ட கிட்னி நோய் என்பார்கள்.

சரி, கொழுப்பு எங்கே வந்தது? கிட்னி பழுதானவருக்கு முதலில் ஆபத்து வருவது பெரும்பாலும் இதயத்தில். டயாலிசிஸ் கட்டத்தை எட்டுகிறவர்களைவிட, அதற்கு முன்பே மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ போய்விடுகிறவர்கள் அதிகம். சுகரும் பிரஷரும் கிட்னியைக் கெடுக்கும்போது ரத்தக்குழாயையும் சேர்த்தே கெடுக்கின்றன. ஆக அந்த மாத்திரை கிட்னியைச் சரிசெய்யத் தருவதில்லை. மாரடைப்பும் பக்கவாதமும் வராமல் இருக்கத் தருவது. இதை ஒருவரும் சொல்லாமல் சீட்டில் எழுதிவிடுவதால்தான் இத்தனை குழப்பம்.

ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால் நார்மல் என்று இருக்கிறதே, பிறகும் சாப்பிட வேண்டுமா?

அநேகமாக வாரம் ஒருவராவது கேட்கிறார். மூலைக்கரைப்பட்டிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் மஞ்சப்பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து மேசையில் விரித்தார். வயது 58. கிரியேட்டினின் 1.9, அதாவது ஜி.எஃப்.ஆர். 40 பக்கம். மொத்தக் கொலஸ்ட்ரால் 168 என்ற வரியைப் பேனாவால் சுற்றி வைத்திருந்தார். “200-க்குள்ளதான இருக்கு, நான் மாத்திரையை நிப்பாட்டி ரெண்டு மாசம் ஆச்சு” என்றார்.

அவர் சுற்றாமல் விட்ட வரிகளைப் பார்த்தேன். நல்ல கொழுப்பு என்று சொல்லும் எச்.டி.எல். 32. ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 240. கெட்ட கொழுப்பு என்று சொல்லும் எல்.டி.எல். 88. கிட்னி நோயில் கொழுப்பு கெடுவது இப்படித்தான். எல்.டி.எல். எண் ரொம்ப ஏறியிருக்காது. ஆனால் அதன் துகள்கள் சிறுத்து, அடர்த்தியாகி, குழாய்ச் சுவரில் எளிதாகப் போய் ஒட்டும். எச்.டி.எல். குறையும், டிரைகிளிசரைடு ஏறும். மொத்தக் கொலஸ்ட்ரால் என்ற ஒரே எண் இதையெல்லாம் மறைத்துவிடும்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஷார்ப் என்ற பெரிய ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. நாற்பது வயது தாண்டிய 9,270 கிட்னி நோயாளிகள். யாருக்கும் முன்பு மாரடைப்பு வந்ததில்லை. கொலஸ்ட்ரால் கூடியவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுக்கவும் இல்லை. பாதிப் பேருக்கு ‘ஸ்டாட்டின்’ வகைக் கொழுப்பு மாத்திரைகளில் ஒன்றான சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமும், இன்னொரு வகைக் கொழுப்பு மருந்தான எசெட்டிமைப் 10 மில்லிகிராமும், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஐந்து வருஷத்துக்கு ஒட்டிப் பார்த்ததில், மருந்து எடுத்தவர்களிடம் ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பெரிய பாதிப்புகள் 17 சதவீதம் குறைந்திருந்தன. கிட்னி நோயே ஒரு ஆபத்துக் காரணம் என்று வைத்து மருந்து கொடுக்கிறார்கள். கொலஸ்ட்ரால் எண்ணைப் பார்த்துக் கொடுப்பதில்லை.

அண்ணாச்சியிடம் இதை எல்லாம் சொல்லவில்லை. குளத்தில் தண்ணீர் குறைவாகக் கிடக்கிறது என்று யாராவது கரையை வெட்டிவிடுவார்களா என்று மட்டும் கேட்டேன். விவசாயி. சிரித்துவிட்டு ஒரு அட்டை வாங்கிக்கொண்டு போனார். டாக்டரைப் போய்ப் பார்க்கவும் சொல்லி அனுப்பினேன்.

யாருக்கெல்லாம் இது தேவை?

உலகம் முழுக்கக் கிட்னி டாக்டர்கள் பின்பற்றும் ‘கேடிகோ’ வழிகாட்டி 2013-இல் சொன்னது, 2024-இலும் பெரிதாக மாறவில்லை. வயது 50-ம் அதற்கு மேலும், டயாலிசிஸ் இல்லாத கிட்னி நோய் என்றால் ஸ்டாட்டின் கொடுக்கலாம். ஜி.எஃப்.ஆர். 60-க்குக் கீழே போனவர்களுக்கு எசெட்டிமைப் சேர்த்தும் கொடுக்கலாம். 18 முதல் 49 வரை உள்ளவர்களில் சுகர், ஏற்கெனவே இதய அடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கும், பத்து வருஷத்துக்குள் மாரடைப்பு வரும் வாய்ப்பு 10 சதவீதத்தைத் தாண்டியவர்களுக்கும். நம் ஊரில் கிட்னி கெட்டவர்களில் சுகர்காரர்கள் நிறைய என்பதால், நாற்பது வயதுக்காரரின் சீட்டிலும் இந்த மாத்திரை இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

கர்ப்பமாக இருக்கும் பெண்களும், குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களும் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பொதுவாக நிறுத்திவிடுவார்கள்.

எல்.டி.எல். எவ்வளவுக்கு இறங்க வேண்டும்? மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டுமா?

டாக்டர்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி உண்டு. கிட்னி வழிகாட்டியின் கணக்கு: ஆரம்பத்தில் ஒருமுறை லிப்பிட், அதாவது ரத்தக் கொழுப்பு, பாருங்கள், சரியான அளவில் ஸ்டாட்டினைத் தொடங்குங்கள், பிறகு எண்ணைத் துரத்த வேண்டியதில்லை. இதய டாக்டர்கள் எண்ணை விடமாட்டார்கள். ஐரோப்பிய இதய வழிகாட்டியின்படி கிட்னி பாதி தளர்ந்தவருக்கு 70-க்குக் கீழே, மிகவும் தளர்ந்தவருக்கும் ஏற்கெனவே அடைப்பு வந்தவருக்கும் 55-க்குக் கீழே.

மேசையில் நின்று பார்த்த அளவில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மருந்து தொடங்கிய இரண்டு மூன்று மாதத்தில் ஒருமுறை பார்ப்பது நல்லது. எண் இறங்கவே இல்லை என்றால் பெரும்பாலும் ஆள் மாத்திரையைச் சாப்பிடவில்லை என்று அர்த்தம்! அதற்கு மேல் மாதாமாதம் லிப்பிட்டுக்குக் கொடுக்கும் காசில் சிறுநீர் ஆல்புமினும் பொட்டாசியமும் பார்த்துக்கொள்ளலாம்.

முதல்முறை பார்க்கும்போது தைராய்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள். தைராய்டு குறைந்தாலும் கொலஸ்ட்ரால் ஏறும். அதைக் கவனிக்காமல் ஸ்டாட்டின் கொடுத்தால் தசைவலியும் வரும்.

வெறும் வயிற்றில்தான் ரத்தம் கொடுக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டியிருந்தால் மட்டும் வெறும் வயிற்றில் திரும்பப் பார்ப்பார்கள். பல லேப்களில் எல்.டி.எல்-ஐ நேராக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்-ஐயும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். மேலே சொன்ன அண்ணாச்சிக்கு 168-இல் 32 போக, 48 போக, 88. டிரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் இந்தக் கணக்கு பொய் சொல்லும்.

சுகர்காரர்கள் டவுனிலிருந்து வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வந்து, லேப் வரிசையில் மயங்கி உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். அதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அட்டார்வாஸ்டாட்டினா, ரோசுவாஸ்டாட்டினா? எது கிட்னிக்கு நல்லது?

அட்டார்வாஸ்டாட்டின் பெரும்பாலும் ஈரல், பித்தம் வழியே வெளியேறுகிறது. கிட்னி எந்த நிலையில் இருந்தாலும் அதற்காக அளவைக் குறைக்க வேண்டியதில்லை. கிட்னி நோயாளிகளுக்குச் சோதித்துப் பரிந்துரைக்கும் அளவு 20 மில்லிகிராம்.

ரோசுவாஸ்டாட்டினில் கொஞ்சம் கவனம் வேண்டும். கிட்னி மிகவும் தளர்ந்து வடிகட்டும் அளவு 30-க்குக் கீழே போனவர்களிடம் அது ரத்தத்தில் மூன்று மடங்கு வரை நிற்கும். அவர்களுக்கு 5-இல் தொடங்கி 10-ஐத் தாண்டக் கூடாது. நம்மைப் போன்ற ஆசியர்களுக்குக் கிட்னி நன்றாக இருந்தாலும் 5-இல் தொடங்கச் சொல்கிறது மருந்துக் குறிப்பு. பக்கத்து வீட்டு மாமா மாரடைப்புக்குப் பிறகு 40 சாப்பிடுகிறார் என்று அவருடைய அட்டையில் இரண்டு மாத்திரை கடன் வாங்கிச் சாப்பிட்ட ஒருவர் எனக்குத் தெரியும். நல்லவேளை, இரண்டே நாள். ரோசுவா எடுப்பவர்கள் வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் பால்போன்ற ஆன்டாசிட் மருந்தை இரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும்.

எசெட்டிமைப் குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைக் குறைப்பது. கிட்னிக்காக அளவு மாற்ற வேண்டாம். மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ போடும் ஊசிகளும் இப்போது வந்திருக்கின்றன. விலை அதிகம். எங்கள் கடையில் அவை கேட்டு வருகிறவர்கள் அபூர்வம்.

இந்த மாத்திரைதான் கிட்னியைக் கெடுத்தது என்கிறார்களே?

இல்லை. கெடுத்தது சுகரோ பிரஷரோ வேறு நோயோ. மாத்திரை அதே சீட்டில் இருந்ததால் பழி அதன் மேல் விழுகிறது. அதற்காக ஸ்டாட்டின் கிரியேட்டினினைக் குறைக்கும் என்றும் நம்ப வேண்டாம், அப்படிக் குறைப்பதில்லை. மிக மிக அபூர்வமாகத் தசை சிதைந்து கிட்னி அடைபடுவது உண்டு. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

‘இங்கிலீஷ் மருந்து, எல்லாம் கெமிக்கல்’ என்பவர்களுக்கு ஒரு சின்னக் கதை. ஸ்டாட்டினின் முதல் வடிவத்தைக் கண்டுபிடித்தவர் ஜப்பானியர், அகிரா எண்டோ. 1970-களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்துக்கொண்டே போனவருக்கு, கியோத்தோவில் ஒரு தானியக் கடை அரிசியில் பூத்திருந்த பூஞ்சையில்தான் அது கிடைத்தது.

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து கால் குடைச்சல். வலி மாத்திரை ஒன்று கொடுங்கள்.

மாட்டேன்.

இதில் மட்டும் நான் கறார். ஸ்டாட்டின் எடுப்பவர்களில் சிலருக்குத் தொடை, தோள், கெண்டைக்கால் தசையில் இருபக்கமும் வலி வரும். அது உண்மை. ஆனால் அதற்கு டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டால் கெடுவது கிட்னிதான். ஜி.எஃப்.ஆர். 40-இல் இருப்பவர் ஒரு வாரம் இந்த மாத்திரைகளைப் போட்டுவிட்டு, அதுவும் வெயில் காலத்தில் தண்ணீர் சரியாகக் குடிக்காமல் இருந்தால், 20-க்கு இறங்கி வருவார். அப்புறம் ‘கொழுப்பு மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிட்டது’ என்று ஊரெல்லாம் சொல்வார். நான் தொழிலுக்கு வந்த புதிதில் கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தவன்தான். இப்போது கொடுப்பதில்லை.

குடைச்சல் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். சி.பி.கே. என்ற ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் கொஞ்ச நாள் நிறுத்தி, அளவைக் குறைத்தோ வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றியோ தருவார்கள். பலருக்கு அப்படி மாற்றியதும் பிரச்சினை தீர்ந்திருக்கிறது. நடக்க முடியாத வலியோடு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் மட்டும் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தசை அப்படிச் சிதைவதற்குப் பாதிக் காரணம் வேறு மருந்துகளின் கூட்டு. சளிக்குத் தரும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் இரண்டும் சிம்வாஸ்டாட்டின், அட்டார்வாஸ்டாட்டின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர் சிம்வாஸ்டாட்டின் 20-க்கு மேல் எடுக்கக் கூடாது. யூரிக் ஆசிட் வாதத்துக்குத் தரும் கோல்ச்சிசின், கிட்னி தளர்ந்தவரிடம் ஸ்டாட்டினோடு சேர்ந்தால் தசையைத் தாக்கலாம். எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

டிரைகிளிசரைடு 300. அதற்குத் தனி மாத்திரை வேண்டாமா?

பெரும்பாலும் வேண்டாம். ஃபெனோஃபைப்ரேட் கிரியேட்டினினை ஏற்றிக் காட்டும். கிட்னி மிகவும் தளர்ந்தவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. ஜெம்ஃபைப்ரோசிலை ஸ்டாட்டினோடு சேர்ப்பது தசைக்கு ஆபத்து. சுகரைக் கட்டுப்படுத்துவது, இனிப்பையும் குடியையும் விடுவது, எடை குறைப்பது ஆகியவைதான் முதல் மருந்து. 1,000-ஐத் தாண்டினால் கதை வேறு. கணையம் வீங்கும் ஆபத்து இருப்பதால் டாக்டர் முடிவெடுப்பார்.

டயாலிசிஸ் ஆரம்பித்தாயிற்று. இனி இந்த மாத்திரை வேண்டுமா?

ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தொடருங்கள். புதிதாகத் தொடங்குவதில்லை. கேட்கும்போது முரணாகத் தெரியும், ஆனால் காரணம் உண்டு.

ஜெர்மனியில் டயாலிசிஸில் இருந்த 1,255 சுகர்காரர்களுக்கு அட்டார்வாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். 2005-இல் முடிவு வந்தது. எல்.டி.எல். நன்றாக இறங்கியது, மாரடைப்பும் மரணமும் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. 2009-இல் ரோசுவாஸ்டாட்டினை வைத்து இன்னும் பெரிய ஆய்வு, அதிலும் அதே கதை. டயாலிசிஸ் கட்டத்தில் இதயம் நிற்பது பெரும்பாலும் கொழுப்பு அடைப்பால் இல்லை. இதயச் சுவர் தடித்துப்போவது, குழாயில் சுண்ணாம்பு படிவது, பொட்டாசியம் ஏறித் துடிப்பு தடம் மாறுவது ஆகியவற்றால்தான் அதிகம். அவற்றுக்கு ஸ்டாட்டின் எதுவும் செய்யாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். டயாலிசிஸில் இருப்பவரின் கொலஸ்ட்ரால் 110, 120 என்று இறங்கியிருந்தால் வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அது சரியாகச் சாப்பிடாததால், உடம்பு உருகுவதால் இறங்கியதாக இருக்கலாம். டயாலிசிஸ் நோயாளிக்குக் கிலோ எடைக்கு ஒரு கிராமுக்கு மேல் புரதம் தினமும் வேண்டும். கொழுப்பு என்று பயந்து முட்டை வெள்ளைக்கருவையும் மீனையும் நிறுத்திவிட்டு ரசஞ்சாதத்திலேயே ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். பாஸ்பரசுக்காகத் தரும் செவலமர் மாத்திரையும் எல்.டி.எல்-ஐக் கொஞ்சம் இறக்கும். அது சும்மா கிடைக்கும் லாபம்.

மாற்றுக் கிட்னி வைத்தவர்களுக்கு?

ஸ்டாட்டின் உண்டு. ஆனால் எது, எவ்வளவு என்பதில் விளையாடக் கூடாது. மாற்றுக் கிட்னியை உடம்பு ஒதுக்காமல் இருக்கத் தரும் ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின், சிரோலிமஸ் போன்ற மருந்துகளே கொழுப்பை ஏற்றும். சைக்ளோஸ்போரின் எடுப்பவருக்கு சிம்வாஸ்டாட்டின் கூடவே கூடாது, ரோசுவா 5-ஐத் தாண்டக் கூடாது. பம்ப்ளிமாஸ் பழமும் மாற்றுக் கிட்னிக்கான மருந்துகளின் அளவைக் குழப்பும், தவிர்த்துவிடுங்கள்.

குழந்தைக்கு முகமெல்லாம் வீங்கி, கொலஸ்ட்ரால் 400 என்று வந்திருக்கிறது!

பயப்படாதீர்கள். சிறுநீரில் புரதம் ஒழுகும் நெஃப்ராட்டிக் நோயில் ஈரல் அந்த இழப்பை ஈடுகட்டப் பார்த்து, கொழுப்பையும் சேர்த்து அள்ளி உற்பத்தி செய்யும். ஸ்டீராய்டுக்கு நோய் கட்டுப்பட்டு ஒழுகல் நின்றால் கொலஸ்ட்ரால் தானாக இறங்கும். குழந்தைகளுக்குப் பொதுவாக ஸ்டாட்டின் தொடங்குவதில்லை. பெரியவர்களுக்கு ஒழுகல் நீண்ட நாள் நிற்காவிட்டால் கொடுப்பார்கள்.

கொள்ளு, பூண்டு, பிலிம்பிக்காய்ச் சாறு... நாட்டு வைத்தியத்தில் குறையாதா?

பிலிம்பிக்காய்ச் சாறு குடிக்கவே குடிக்காதீர்கள். கேரளத்தில் இலும்பன் புளி என்பார்கள். கொலஸ்ட்ரால் குறையும் என்று நம்பி அதைப் பிழிந்து குடித்தவர்களுக்குக் கிட்னி திடீரென்று செயலிழந்ததை அங்கே டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கிட்னி நன்றாக இருந்தவர்களுக்கே அந்தக் கதி. அதில் ஆக்சாலிக் அமிலம் அவ்வளவு. அதே இனத்து நட்சத்திரப் பழமும் ஆகாது. செங்கோட்டை தாண்டினால் கேரளம். அந்தப் பழக்கம் இங்கே வர ரொம்ப நாளாகாது.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது கிட்னி நன்றாக இருப்பவனுக்குச் சொன்னது. கொள்ளில் பொட்டாசியமும் அதிகம். எப்போதாவது ரசத்துக்குச் சரி, தினமும் கிண்ணம் நிறையக் குடிப்பதற்கு இல்லை. பூண்டு சமையலில் தாராளமாகப் போடலாம். பூண்டு மாத்திரையாக வாங்கினால், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறீர்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சரி, சாப்பாட்டில் எதைக் குறைப்பது? சொதி சாப்பிடலாமா?

இந்தக் கேள்விதான் எனக்கும் சங்கடம். டிவியில் கொழுப்பைக் குறைக்கச் சொல்லும் பாதாம், பயறு, வாழைப்பழம், இளநீர் எல்லாம் பொட்டாசியம் ஏறிய கிட்னி நோயாளிக்கு எதிரி. இதயத்துக்கு ஒரு சாப்பாட்டுப் பட்டியல், கிட்னிக்கு ஒரு பட்டியல் என்று இரண்டை ஒட்டவைத்தால் இலையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதனால் முதலில் உங்கள் பொட்டாசியம் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். அது நார்மலாக இருப்பவர் பழத்தையும் காயையும் வீணாக விலக்கக் கூடாது.

சொதிக்கு வருவோம். மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதி இல்லாமல் திருநெல்வேலிக்காரன் எழுந்திருப்பானா? தேங்காயின் முதல் பால், அதில் உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், கேரட், பாசிப்பருப்பு. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ். தேங்காய்ப்பாலில் இருப்பது எல்.டி.எல்-ஐ ஏற்றும் வகைக் கொழுப்பு, காய்களில் பொட்டாசியம், சிப்ஸில் உப்பு. வருஷத்துக்கு இரண்டு கல்யாணம் என்றால் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டு எழுந்துவிடலாம். வீட்டில் வைத்தால் முதல் பாலைக் கையில் எடுக்காமல் மூன்றாம் பாலில் வைத்து, காய்களைச் சின்னதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுப் போடுங்கள். ருசி குறையும். என் மதினி அப்படித்தான் வைக்கிறாள், அண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிடுகிறான்.

அல்வா: நெய் விரலில் வழிகிறதே, அதற்கு மேல் நான் என்ன சொல்ல? கருப்பட்டி சுகருக்கு நல்லது என்பது தவறு. அதுவும் சர்க்கரைதான், கூடவே பொட்டாசியமும். பரோட்டாவைவிட மேலே ஊற்றும் சால்னாவில்தான் எண்ணெயும் உப்பும். நல்லெண்ணெய், கடலெண்ணெய் அளவாகச் சரி. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் வேண்டாம். சாளை மீன் குழம்பு வாரம் ஒன்றிரண்டு முறை நல்லது. அதே மீன் கருவாடானால் உப்பு மூட்டை. அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய்க்கும் அதேதான்.

உப்பைக் குறைக்கிறேன் என்று ‘சோடியம் குறைந்த உப்பு’ பாக்கெட் வாங்குகிறவர்கள் கவனியுங்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. கிட்னி தளர்ந்தவருக்கு அது விஷம் மாதிரி. இந்துப்பு வேறு, அது பெரும்பாலும் சாதா உப்புதான். அதில் தனி நன்மையும் இல்லை.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரை, தனியார் டாக்டர் ஒரு மாத்திரை. இரண்டையும் சாப்பிடலாமா?

ஒருமுறை ஒரு ஆச்சி இரண்டு அட்டைகளை மேசையில் வைத்தார். ஒன்று வெள்ளை அட்டை, ஒன்று சிவப்பு எழுத்து. பெயர் வேறு, கம்பெனி வேறு, உள்ளே இரண்டும் அட்டார்வாஸ்டாட்டின். மூன்று மாதமாக இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். “வெள்ளை காலையில, சிவப்பு ராத்திரி” என்று கணக்கு வேறு வைத்திருந்தார். அட்டையின் பின்னால் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே சின்னதாக இருக்கும் மருந்தின் பெயரைத்தான் படிக்க வேண்டும். கண் தெரியாவிட்டால் கடைக்காரரிடம் படித்துச் சொல்லச் சொல்லுங்கள், அதற்குக் காசு வாங்கமாட்டோம்.

அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தரும் அட்டார்வாஸ்டாட்டினும் வேலை செய்யும். வெளியே வாங்குவதென்றால் மக்கள் மருந்தகம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களும் இருக்கின்றன. என் வியாபாரத்துக்கு இது நல்ல யோசனை இல்லைதான். இருந்தாலும் காசு இல்லை என்று பாதி மாதம் மாத்திரையை விடுவதற்கு அது மேல்.

ராத்திரிதான் சாப்பிட வேண்டுமா? ஒரு வேளை மறந்துவிட்டால்?

சிம்வாஸ்டாட்டின் ராத்திரி. அட்டார்வாவும் ரோசுவாவும் எந்த நேரமும் சரி, தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும். ராத்திரி சாப்பிட்டவுடன் தூங்கிவிடுகிறவர்கள் காலையில் பிரஷர் மாத்திரையோடு சேர்த்துவிடுங்கள். ஒரு நாள் மறந்துபோனால் அதை விட்டுவிட்டு மறுநாள் வழக்கம்போல ஒன்று. இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.